குழந்தையும் விண்மீன்களும்

வானநூல் என்றவுடன் பெரியதொரு குவிமாடமும், அதனுள் பீரங்கியைப் போன்ற தொலைநோக்கியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. காவலூரில் 1986-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற 2.3 மீட்டர் தொலைநோக்கி அத்தகையதே. நான் இங்குப் பேச எடுத்துக்கொண்டது அதைப் பற்றியன்று. பத்து வயதுக் குழந்தைக்கு, மிகுந்த செலவின்றி, வானத்தை எவ்வாறு அறிமுகம் செய்துவைப்பது என்பதே என் பொருள். மாணவர்களாகிய உங்களிடம் இதைச் சொல்வானேன் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் இல்லத்தில் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். இரவு எட்டு மணிக்கு அவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லும் பொறுமை பெற்றோரைக் காட்டிலும் உங்களுக்கே அதிகம்.

நான் வசிப்பது கொட்டிவாக்கம். திருவான்மியூருக்குத் தெற்கே கடலை ஒட்டியுள்ள இவ்வூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. வடக்கே பெசன்ட் நகரும் அடையாறும், மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகக் கட்டடங்களும் இரவு முழுவதும் ஒளியைக் கக்குகின்றன. துருவ மீன் இங்கே தொடுவானத்திற்குமேல் 13 பாகை உயரத்திலேயே இருப்பதால், அந்த ஒளிப் புழுதியில் மூழ்கிவிடுகிறது. ஆனால் கிழக்குத் திசையைப் பாருங்கள்! அங்கே கடல், மீன்பிடி படகுகளின் விளக்குகளைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. விண்மீன்கள் நீரிலிருந்து ஒவ்வொன்றாக ஏறிவருகின்றன. மாநகரத்திற்குள் இருந்துகொண்டே இவ்வளவு வானத்தைப் பெற்றிருப்பது கடற்கரைவாசிகளின் நற்பேறு.

என் பேத்திக்குப் பத்து வயது நிறைந்தபோது, பிறந்தநாள் பரிசாகத் தொலைநோக்கி ஒன்று வேண்டும் என்றாள். கடைகளில் கிடைக்கும் மலிவான கருவியின் பெட்டிமேல், ‘675 மடங்கு பெரிதாக்கும்’ என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். இந்த எண்ணை நம்பவேண்டா. தொலைநோக்கியின் ஆற்றலை முதன்மையாக நிர்ணயிப்பது அதன் முகப்பு வில்லையின் விட்டம். ஒரு மில்லிமீட்டர் விட்டத்திற்கு இரண்டு மடங்கு என்பது பயனுள்ள பெருக்கத்தின் உச்ச வரம்பு. 60 மில்லிமீட்டர் வில்லைக்கு 120 மடங்கு. அதற்குமேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்குகிறோம். போதாக்குறைக்கு, அதன் மெலிந்த முக்காலி கடற்காற்றில் நாணல்போல் நடுங்கும். குழந்தை அதில் கண்ணை வைத்துப் பார்த்து, ஒன்றும் புலப்படாமல், ‘எனக்குப் பார்க்கத் தெரியவில்லை’ என்று எண்ணிக்கொள்கிறது. கருவியின் குறையைத் தன் குறையாக எண்ணி ஒரு குழந்தை வானத்தைவிட்டே விலகிப்போவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆகவே, முதல் மூன்று மாதங்களுக்குக் கருவியே கூடாது என்று நிபந்தனை விதித்தேன். பேத்திக்கு இது பிடிக்கவில்லை. ஆயினும் கண் இருக்கிறதே! நீட்டிய கையின் மடக்கிய முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். அதுவே அவளுடைய அளவுகோல். சந்திரன் ஒவ்வோர் இரவும் விண்மீன்களினூடே ஒரு முட்டிக்குச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்வதை அவளே அளந்து கண்டுபிடித்தாள். மாசி மாத முன்னிரவில், செந்நிறத் திருவாதிரையையும் அதன் அருகே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களையும் யாரும் தவறவிட முடியாது. தெற்கே அகத்திய மீன் ஒளிரும். இங்கிலாந்து நாட்டுப் பிள்ளைகளுக்கு அது கண்ணிலேயே படாது. பழந்தமிழர் அறுமீன் என்றழைத்த கார்த்திகைக் கூட்டத்தில் அவள் ஐந்து மீன்களை எண்ணினாள். என் முதிய கண்ணுக்கு அது வெறும் புகைத்துணுக்கு.

இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் கைப்பேசியை ஒரு முறை பார்த்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக் கட்டுவது நல்ல வழி. ஜனவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் கடற்கரையில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். மாணவர்கள் இரவில் நடந்து அம்முட்டைகளைக் காக்கிறார்கள். குஞ்சுகள் ஒளிமிக்க தொடுவானமே கடலென்று எண்ணி நடப்பவை. தெருவிளக்குகள் அவற்றை வழிதவறச் செய்கின்றன. விண்மீன்களை மறைக்கும் விளக்கும் ஆமைக்குஞ்சைக் கெடுக்கும் விளக்கும் ஒன்றே என்று என் பேத்தி சொன்னபோது, அதைப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாமே என்று தோன்றியது.

மூன்று மாதம் கழிந்தபின் வாங்கியது பைனாக்குலர் எனப்படும் இரட்டைக்கண் நோக்கி. அதில் 7×50, 10×50 என்று குறித்திருக்கும். முதல் எண் பெருக்கம். இரண்டாவது, முகப்பு வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இருளில் நம் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். ஆகவே 50 மில்லிமீட்டர் வில்லை ஏறக்குறைய ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டித் தருகிறது. பழைய கருவியாக இருந்தாலும் குற்றமில்லை. பாயில் மல்லாந்து படுத்தோ, கரையில் ஏற்றிய படகின்மேல் முழங்கையை ஊன்றியோ பார்த்தால் படம் ஆடாது. கார்த்திகையின் புகை அப்போது பல பத்து மீன்களாக உதிர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில், மணமக்களுக்குப் பட்டப்பகலில் விரல் நீட்டிக் காட்டுகிறோமே, அந்த அருந்ததியை வசிட்டரின் அருகில் உண்மையாகவே காணலாம். மூன்று மீன்களுக்குத் தெற்கே தெரியும் மங்கிய மேகத்திலிருந்து இன்று நம்மை வந்தடையும் ஒளி புறப்பட்டுச் சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை இராசசிம்ம பல்லவன் எழுப்பிய காலத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அவளைக் கவர்ந்தது வியாழன்தான். அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நிற்கும் நான்கு துணைக்கோள்களை 1610 ஜனவரியில் கலிலியோ கண்டார். பேத்தி ஒவ்வோர் இரவும் அவற்றை நோட்டில் புள்ளிகளாகக் குறித்துவந்தாள். ஒருநாள் மூன்றே இருந்தன. “தாத்தா, ஒன்று தொலைந்துபோய்விட்டது!” என்று கூவினாள். நான் விடை கூறவில்லை. மறுநாள் அது மறுபுறத்தில் தோன்றியபோது, “அது சுற்றிக்கொண்டு போயிருக்கிறது” என்று அவளே சொன்னாள்.

குறித்துவைக்கும் பழக்கத்தை அற்பமென்று எண்ணாதீர்கள். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், 1867-இல், ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒரு மீனின் ஒளி மாறுபடுவதைக் கண்டறிந்தார். முந்தைய குறிப்பும் அன்றைய தோற்றமும் ஒவ்வாததே இத்தகைய கண்டுபிடிப்புக்கு வாயில்.

இதற்குப் பிறகும் ஆர்வம் குன்றாவிடில் தொலைநோக்கி வாங்கலாம். 114 அல்லது 150 மில்லிமீட்டர் ஆடியுள்ள டாப்சன் வகையே சிறந்ததென்பது என் கருத்து. சான்பிரான்சிஸ்கோ நகரத்து வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் சாளரக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் கொண்டு கருவி அமைத்தார். 1968-இல் தோழர்களுடன் நடைபாதை வானியலார் குழுவைத் தொடங்கி, வருவோர் போவோருக்கெல்லாம் சந்திரனைக் காட்டினார். அவருடைய பலகைத் தாங்கி காற்றுக்கு எளிதில் அசையாது. நுட்பமான பொறிகள் இல்லாததால் செலவெல்லாம் ஆடிக்கே போகும். சனியின் வளையம் முப்பது மடங்கிலேயே தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எந்தக் கருவியாலும் சூரியனைப் பார்க்கவே கூடாது. கணப்பொழுதில் பார்வை போய்விடும். கிழக்குக் கடற்கரையில் விடியற்காலையில் பார்ப்போர், சூரியோதயத்திற்கு வெகு முன்பே கருவியை மூடிவிடவேண்டும். மற்றொன்று நம் ஊர்க் காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து வில்லையில் பூஞ்சணம் பூக்கச் செய்துவிடும். நாங்கள் ஒரு பெரிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதற்குள் பைனாக்குலரை வைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் பொட்டலங்களை அடிக்கடி மாற்றவேண்டும். அது இப்போது பேத்தியின் பொறுப்பு.