ஸ்ரீசிட்டியில் தயாராகும் 'வெளிநாட்டு' வண்டி: சித்தூர், திருப்பதியில் பிக்கப் வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்?

திருப்பதி: ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மாம்பழம், தக்காளி, பால் ஆகியவை தோட்டத்திலிருந்து சந்தையையும் ஆலையையும் சென்றடைவதில் பிக்கப் வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அறுவடைக் காலத்தில் வண்டி ஒரு நாள் பழுதாகி நின்றால் வாடகை மட்டுமல்ல, ஏற்றிய சரக்கும் போய்விடும். எனவே புதிய வண்டி வாங்க நினைப்பவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: பழுதில்லாமல் உழைப்பது உள்நாட்டு நிறுவனத்தின் வண்டியா, ஜப்பானிய நிறுவனத்தின் வண்டியா?

வேறு ஊர்களில் எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, இங்கு சற்றுக் குழப்பமானது. ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலை, தமிழக எல்லையை ஒட்டித் தடாவுக்கு அருகே உள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில்தான் அமைந்துள்ளது. 2016 ஏப்ரல் மாதம் திறக்கப்பட்ட இந்த ஆலையின் தொடக்க உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 50,000 வண்டிகள். டி-மேக்ஸ் சரக்கு வண்டியும், வி-கிராஸ் என்ற இரட்டைக் கேபின் வண்டியும் இங்கு தயாராகின்றன. வெளிநாடுகளுக்கும் இங்கிருந்து வண்டிகள் ஏற்றுமதியாகின்றன. ஆலை திறக்கப்பட்டபோது ஸ்ரீசிட்டி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது அது திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. ஆக, 'வெளிநாட்டு வண்டி' என்று இப்பகுதி மக்கள் சொல்வது உண்மையில் உள்ளூர்த் தொழிலாளர்களின் கையில் உருவாகும் வண்டி. டொயோட்டாவின் ஹைலக்ஸ் கூடப் பெங்களூரு அருகே பிடதியில்தான் பொருத்தப்படுகிறது.

மறுபக்கம், உள்நாட்டு வண்டிகளின் பின்னணியும் முழுக்க உள்நாட்டுக் கதை அன்று. அசோக் லேலண்டின் 'தோஸ்த்' 2011இல் ஜப்பானின் நிசான் நிறுவனத்துடனான கூட்டு முயற்சியில் வெளிவந்தது. 2016இல் நிசான் விலகியபோதும் வண்டி நிற்கவில்லை. ஓசூரிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. 1980களில் ஐதராபாத் ஆல்வின் நிறுவனம் நிசானுடன் சேர்ந்து ஜஹீராபாதில் இலகுரக சரக்கு வண்டிகளைத் தயாரித்தது. அந்த ஆலை பின்னர் மஹிந்திராவின் கைக்குச் சென்றது. ஸ்வராஜ் மஸ்தா என்று பலர் அறிந்த நிறுவனம் எஸ்எம்எல் இசுசு ஆகி, 2025இல் மஹிந்திராவின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அமெரிக்காவிலும் இதே நிலைதான்: டொயோட்டாவின் டன்ட்ரா டெக்சாஸ் மாநிலத்தில் தயாராகிறது, அமெரிக்கப் பெருமையாகக் கருதப்படும் செவர்லே சில்வராடோவின் ஒரு பகுதி மெக்சிகோவில் தயாராகிறது. முகப்பில் உள்ள சின்னத்தை வைத்து வண்டியின் உழைப்பைக் கணிக்க முடியாது என்பதற்கு இவ்வளவு சான்றுகள் போதும்.

வண்டி எந்த வேலைக்கு என்பதே முதலில் கேட்க வேண்டியது. குவைத் உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய ராயலசீமா மக்கள் பலர், பாலைவனத்தில் ஹைலக்ஸ் உழைத்த விதத்தை வியந்து சொல்வதுண்டு. அந்த நற்பெயர் பொய்யல்ல. ஆனால் இந்தியாவில் விற்பனையாகும் ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்கமும் ஐந்து இருக்கைகளும் கொண்ட இரட்டைக் கேபின் வண்டி. 2022இல் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை ரூ.33.99 லட்சம். வி-கிராஸும் ஏறக்குறைய அதே வகையைச் சேர்ந்தது. எஸ்டேட் உரிமையாளருக்கோ, கரடுமுரடான இடங்களுக்குச் செல்லும் ஒப்பந்ததாரருக்கோ அவை பொருந்தும். தக்காளிப் பெட்டிகளை அடுக்க அவற்றின் பின்தளம் போதாது.

சுமை வண்டிச் சந்தையில் மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் நீண்ட காலமாக முன்னிலை வகிக்கிறது. டாடாவின் யோதா, அசோக் லேலண்டின் தோஸ்த் ஆகியவையும் சாலைகளில் பரவலாகத் தென்படுகின்றன. 2022இல் வந்த யோதா 2.0 இரண்டு டன் சுமைக்கு அனுமதிக்கப்பட்டது. பொலேரோ வரிசையில் 1.3 டன்னிலிருந்து மேலே பல வகைகள் உள்ளன. இசுசுவின் டி-மேக்ஸ் சரக்கு வண்டி ஏறக்குறைய 1.2 டன் வகை.

'இந்த வண்டி தாங்கும், அந்த வண்டி தாங்காது' என்ற பேச்சின் பெரும்பகுதி இந்தச் சுமைக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. 1.2 டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றினால் பட்டைச் சுருள்வில், கிளட்ச், சக்கர பேரிங், பிரேக் எல்லாமே முன்கூட்டித் தேயும். தயாரித்தவர் எந்த நாட்டவராயினும் இதில் வேறுபாடில்லை. 2025 பருவத்தில் சித்தூரின் தோத்தாபுரி மாம்பழ விலை சரிந்தபோது, கூழ் ஆலைகள் கிலோவுக்கு ரூ.8, அரசு மானியம் ரூ.4 என மொத்தம் ரூ.12 கிடைக்க மாநில அரசு ஏற்பாடு செய்தது. அந்த விலையில் 1.3 டன் பழத்தின் மொத்த மதிப்பே ரூ.15,600. கூடுதலாக ஒரு டன் ஏற்றினால் ரூ.12,000 மதிப்புள்ள பழம் ஒரே நடையில் போய்ச் சேரும் என்று தோன்றலாம். ஆனால் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவு, அதிகச் சுமைக்கு ரூ.20,000 அபராதமும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000உம் விதிக்கிறது. ஒருமுறை பிடிபட்டால் ரூ.22,000, மிகைச் சுமையை இறக்கும் செலவு தனி. இரண்டு டன் தேவைப்படுபவர் இரண்டு டன்னுக்கு அனுமதி பெற்ற வண்டியை வாங்குவதே நம்பகத்தன்மைக்கான முதல் செலவு.

அடுத்தது சாலை. மதனப்பள்ளி, பலமநேர் பகுதிகள் மேட்டு நிலத்தில் உள்ளன. சித்தூரும் திருப்பதியும் தாழ்வில் உள்ளன. தக்காளி ஏற்றிய வண்டிகள் சென்னைப் பக்கம் வரும்போது மொகிலி மலைப்பாதை வழியாகவோ, பாகராப்பேட்டை மலைப்பாதை வழியாகவோ இறங்க நேரிடும். 2024 செப்டம்பரில் மொகிலியில் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தனர். நிறைசுமையுடன் தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரில் எஞ்சினின் தடையைக் கொண்டு இறங்குவதே பாதுகாப்பானது. எனவே இந்த வழித்தடத்தில் ஓடும் வண்டிக்கு, நிறுவனம் விளம்பரப்படுத்தும் குதிரைத்திறனைவிட, பிரேக் லைனிங்கும் கிளட்ச் தட்டும் எவ்வளவு விரைவாக, என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பதே முக்கியம். டயருக்கும் பேட்டரிக்கும் இங்கு பஞ்சமில்லை. அப்போலோவின் டயர் ஆலை சின்னபாண்டூரிலும், அமர ராஜாவின் பேட்டரி ஆலை கரகம்பாடியிலும் உள்ளன.

உதிரி பாகம் பற்றிய கணக்கு 2020 ஏப்ரல் 1 முதல் மாறிவிட்டது. அன்று பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய டீசல் எஞ்சின்களில் பம்பையும் இன்ஜெக்டரையும் கழற்றிச் சரிசெய்ய உள்ளூர் மெக்கானிக்கின் அனுபவம் போதும். புதிய எஞ்சின்களில் உணரிகளும், மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியும், புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பும் இருப்பதால், கோளாறைக் கண்டறியவே ஸ்கேனர் தேவைப்படுகிறது. 'நம்ம ஊர் வண்டி, எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார்' என்ற பழைய நம்பிக்கை உள்நாட்டு வண்டிகளுக்கும் இப்போது பாதிதான் பொருந்தும். இருப்பினும் அவற்றுக்கு ஓர் அனுகூலம் எஞ்சியிருக்கிறது: எண்ணிக்கையில் அதிகமாக ஓடுவதால் சிறிய ஊர்க் கடைகளிலும் பாகங்கள் கிடைக்கின்றன, பழைய வண்டியை விற்கும்போது வாங்க ஆள் இருக்கிறது. ஸ்ரீசிட்டியில் ஆலை இருப்பது மட்டும் பலமநேரில் நின்றுபோன டி-மேக்ஸுக்கு உதவாது. ஆலை என்பது சேவை மையம் அல்ல.

வெளிநாட்டு நிறுவனம் நாட்டைவிட்டே போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தையும் புறந்தள்ள முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உள்நாட்டுச் சந்தையுடன் ஏற்றுமதிக்கும் சேர்த்து உற்பத்தி செய்யும் ஆலை சற்று ஆறுதல் தரலாம் என்றாலும், ஃபோர்டின் சென்னை ஆலையும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்ததுதான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் வாங்குபவர் அரை நாளைச் செலவிட்டு, தன் வழித்தடத்தில் உள்ள சேவை மையங்களுக்கு நேரில் சென்று கேட்பது நல்லது. கிளட்ச் செட், பிரேக் லைனிங், இன்ஜெக்டர், முகப்பு விளக்கு ஆகிய நான்கின் விலை என்ன, இருப்பில் உள்ளதா, இல்லையெனில் வர எத்தனை நாள் ஆகும், மாம்பழப் பருவத்தில் வண்டியை விட்டால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் அதிகச் சுமையால் ஏற்படும் பழுது குறித்த வரிகளையும் படிக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதியின் பதிலைவிட, அதே வண்டியை மூன்று பருவம் ஓட்டிய ஓட்டுநர் ஒருவரின் பதில் பயன்தரும். அவரைக் காண கூழ் ஆலை வாசலில் காத்திருக்கும் வண்டிகளின் வரிசைக்குச் சென்றால் போதும்.