குனோங் லேடாங் ஏறிய வாலஸ்: பரிணாமத்தால் நம் மனதை விளக்க முடியுமா?

குனோங் லேடாங் என்றதும் உங்களுக்கு மலை இளவரசியின் கதை நினைவுக்கு வரலாம். ஒருமுறையாவது ஏறியிருந்தால், மறுநாள் படுத்திய கால்வலியும் நினைவுக்கு வரும். ஜொகூர், தங்காக் வட்டாரத்தில் உள்ள 1,276 மீட்டர் உயரமான இந்த மலையில் 1854-ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலேயர் ஏறினார். பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், வயது 31. வண்டு, வண்ணத்துப்பூச்சி, பறவைகளைச் சேகரித்து விற்றுப் பிழைத்தவர்.

மலாக்காவிலிருந்து மலாய்க்காரத் துணைவர்களோடு அவர் புறப்பட்டார். மேலே ஏறும்போது தாகம். கையில் தண்ணீர் இல்லை. மலாய்மொழியில் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை என்று சொல்லப்படும் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள். உள்ளே பூச்சிகள் கிடந்தன. ஆனாலும் குடிக்க நன்றாகவே இருந்தது என்று பிறகு எழுதினார்.

இவரைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? பரிணாமக் கொள்கையைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் இவர். அதே கொள்கையால் மனித மனதை விளக்க முடியாது என்று முதலில் சொன்னவர்களிலும் இவர் ஒருவர்.

சொந்தக் கொள்கை மீதே சந்தேகம்

1858-இல், இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலோடு கிடந்தபோது வாலஸுக்கு அந்த எண்ணம் தோன்றியது. சூழலுக்குப் பொருந்தும் உயிர்கள் பிழைத்து, அதிகமாகப் பெருகும். தலைமுறை தலைமுறையாக இனமே மாறும். இதுதான் இயற்கைத் தேர்வு. அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் பல ஆண்டுகளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். 1858 ஜூலை 1-ஆம் தேதி, லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்துகளும் சேர்த்தே வாசிக்கப்பட்டன.

ஆனால் 1869-இல் வாலஸ் திடீரென்று வேறு பக்கம் திரும்பினார். அவர் கேள்வி எளிமையானது. இயற்கைத் தேர்வு, அந்த நேரத்துக்குத் தேவையானதை மட்டுமே வளர்க்கும். காட்டில் வாழும் மனிதரின் மூளையோ ஐரோப்பியரின் மூளைக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறது. கணிதம், இசை, தத்துவம் எதுவும் தேவைப்படாத வாழ்க்கையில் இவ்வளவு பெரிய மூளை எதற்கு? அப்படியென்றால் வேறு ஏதோ உயர்ந்த அறிவு இதை வழிநடத்தியிருக்க வேண்டும் என்றார். பிரக்ஞை, அதாவது 'நான் இருக்கிறேன், எனக்கு வலிக்கிறது' என்று உள்ளுக்குள் உணரும் அனுபவம், வெறும் ஜடப்பொருளிலிருந்து வரவே முடியாது என்றும் வாதிட்டார்.

டார்வின் பதறிப்போனார். கட்டுரை வெளிவரும் முன்பே, நம் இருவருக்கும் பிறந்த குழந்தையைக் கொன்றுவிடவில்லையே என்ற பொருளில் கடிதம் எழுதினார். படித்த பிறகு, ஓரத்தில் 'இல்லை' என்று எழுதி மூன்று அடிக்கோடுகள் போட்டார். கூடவே ஆச்சரியக்குறிகள்!

வாலஸ் எங்கே சறுக்கினார்?

இரண்டு இடங்களில்.

முதலாவது, காட்டு வாழ்க்கைக்குக் குறைந்த அறிவு போதும் என்று அவர் நினைத்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லேடாங் காட்டில் அன்று யானை, காண்டாமிருகத் தடங்கள் இருந்தன. ஒரு தடத்தைப் பார்த்து எந்த விலங்கு, எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று கணிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான செடிகளில் எது உணவு, எது நஞ்சு என்று நினைவில் வைக்க வேண்டும். கூட இருப்பவரின் மனதையும் படிக்க வேண்டும். இதற்கெல்லாம் சின்ன மூளை போதுமா?

இருந்தாலும் ஒன்றை மறக்கக்கூடாது. எல்லா இனத்தவருக்கும் மூளைத் திறன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அந்தக் காலத்திலேயே சொன்னதில், வாலஸ் பலரைவிட முன்னால் நின்றார்.

இரண்டாவது, ஒரு வேலைக்காக உருவான உறுப்பு வேறு வேலைக்கும் பயன்படலாம். இதற்கான சான்று இப்போது உங்கள் தலைக்குள்ளேயே இருக்கிறது. எழுத்து தோன்றி சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று தனி மூளை உருவாக அது போதாது. பொருள்களையும் உருவங்களையும் அடையாளம் காணப் பயன்பட்ட மூளைப் பகுதிதான் எழுத்துக்கும் பழகிக்கொண்டது. அதனால்தான் நீங்கள் தமிழும் ஆங்கிலமும் மலாயும் சர்வசாதாரணமாக வாசிக்கிறீர்கள். கணிதமும் இசையும் இப்படி வந்திருக்கலாம்.

அப்போ பிரக்ஞை?

இங்கேதான் வாலஸின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

சூடான சட்டியைத் தொட்டால் கை தானாகப் பின்வாங்குகிறது. அதை முதுகுத்தண்டே பார்த்துக்கொள்ளும். வலி கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது. அடுத்த முறை கவனமாக இருக்க அந்த வலி கற்றுக்கொடுக்கிறது. ஆக, வலியின் பயனைப் பரிணாமம் விளக்கிவிடும். ஆனால் அந்தத் தகவல் ஏன் 'வலிக்க' வேண்டும்? உணர்வே இல்லாத ஓர் இயந்திரமும் அதே பாடத்தைக் கற்கலாமே? தத்துவவியலாளர் டேவிட் சால்மர்ஸ் 1995-இல் இதற்கு 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தார். மூளையின் வேலைகளை எல்லாம் விளக்கி முடித்தால் இந்தச் சிக்கலும் மறைந்துவிடும் என்பது ஒரு தரப்பு. மறையாது என்பது இன்னொரு தரப்பு. விவாதம் முடியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் டார்வின் பக்கம் கை ஓங்கியிருக்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் இடையே உள்ளது அளவு வேறுபாடுதான் என்று அவர் 1871-இல் எழுதினார். 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவவியலாளர்களும் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பிரக்ஞை உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்றும், ஆக்டோபஸ், நண்டு, பூச்சிகளுக்கும் அது இருக்கும் வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது என்றும் அதில் கூறப்பட்டது.

தே தாரேக்கா, மைலோவா?

மாமாக் கடையில் உட்கார்ந்து மைலோ ஐஸ் கேட்கிறீர்கள். உண்மையில் தேர்ந்தெடுத்தது யார்? நீங்களா, உங்கள் மூளையா?

1983-இல் பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தோன்றும்போது கையை அசைக்கச் சொன்னார்கள். அசைப்பதற்குச் சுமார் அரை விநாடி முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் தொடங்கியது. 'அசைக்கலாம்' என்ற எண்ணமோ சுமார் 0.2 விநாடிக்கு முன்புதான் வந்தது. மூளை முன்பே முடிவெடுத்துவிட்டது, சுயவிருப்பம் வெறும் மாயை என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் லிபெட்டே அப்படிச் சொல்லவில்லை. கடைசி நொடியில் 'வேண்டாம்' என்று நிறுத்தும் திறன் நமக்கு உண்டு என்றார். அந்த மின்மாற்றம் முடிவே அல்ல, மூளையில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கத்தின் தடமாக இருக்கலாம் என்று 2012-இல் வேறொரு ஆய்வு காட்டியது.

நமக்கு இந்த வாதம் புதிதல்ல. திருக்குறளில் 38-ஆம் அதிகாரம் 'ஊழ்'. விதியைவிட வலியது எது என்று அது கேட்கிறது. 62-ஆம் அதிகாரமான 'ஆள்வினையுடைமை', முயற்சியால் விதியையும் வெல்லலாம் என்கிறது. இரண்டும் ஒரே நூலில்தான் இருக்கின்றன.

இதனால் உங்களுக்கு என்ன?

"எனக்குக் கோபம் பரம்பரையா வருது, நான் என்ன செய்ய?" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கோபப்படும் தன்மையில் மரபணுவுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அதே பரிணாமம் இன்னொன்றையும் தந்திருக்கிறது: அடிக்கக் கை ஓங்கும் முன், பின்விளைவை மனதில் ஓட்டிப் பார்த்து நிறுத்தும் திறன். சுயவிருப்பம் என்பதற்கு இதுதான் அர்த்தம் என்றால், அதைப் பரிணாமத்தால் விளக்க முடியும். பழகினால் அந்தத் திறன் வளரவும் செய்யும். எந்தக் காரணமும் இல்லாமல், மூளைக்கு வெளியே நின்று முடிவெடுப்பதுதான் சுயவிருப்பம் என்றால், அதற்கு ஆதாரம் இல்லை.

வாலஸ் 1913-இல், 90 வயதில் இறந்தார். இயற்கைத் தேர்வை அவர் கடைசிவரை கைவிடவில்லை. மனதைப் பற்றிய சந்தேகத்தையும் விடவில்லை. அவர் சொன்ன பதிலை இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்பதில்லை. பிரக்ஞை பற்றிய அவர் கேள்விக்கு மட்டும், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்னும் வரவில்லை.