கடலோரக் கிராமத்தில் சிறுவர் காய்கனித் தோட்டம்

எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பம், கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே அமைந்த மீனவர் கிராமமாகும். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கு மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வெளியிட்டது. இத்தகைய கடலோர ஊர்களில் சிறுவர் சிறுமியரைக் கொண்டு தோட்டம் போட முற்படுவோர் முதலில் கவனிக்க வேண்டுவது விதையன்று, மண்ணேயாம்.

கடற்கரை மணல் நீரையும் உரத்தையும் நிறுத்தி வைக்காது. உப்புக்காற்று தளிரைக் கருக்கும். இவை பழைய இடையூறுகள். எருவினாலும் வேலியினாலும் சமாளிக்கலாம். புதிய இடையூறு வேறு. அனல் மின் நிலையச் சாம்பல் நெடுங்காலமாக எண்ணூர்க் கழியில் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவிக் கரைகளிலும் படகுகளிலும் ஒட்டியது. சாம்பலில் ஈயம், ஆர்செனிக் முதலிய நஞ்சுகள் சிறிதளவு உண்டு. பெரியவர்களைக் காட்டிலும் குழந்தைகளின் உடல் ஈயத்தை மிகுதியாக ஏற்கும். அவர்கள் மண்ணில் துழாவிய கையை வாயில் வைப்பதை அறியாத தாய் இல்லை. ஆகையால் ஏரி வண்டல் அடித்துப் பழகிய மிராசுதார்கள், அதே எண்ணத்துடன் கழிச்சேற்றை அள்ளிப் பாத்தியில் இடுதல் கூடவே கூடாது.

தரைக்குமேல் ஒன்றரை அடி உயரத்திற்குச் செங்கல் அடுக்கிப் பாத்தி கட்டுக. அகலம் மூன்றடிக்கு மேற்படின் சிறுவர் கை நடுப்பாத்திக்கு எட்டாது. வெளியூர்ச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நன்னீரில் அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்புக. செம்மண்ணையும் பரிசோதித்த பின்னரே கொணர்தல் நலம். வழக்கமான மண் பரிசோதனையில் உவர், களர் நிலையும் உரச்சத்துக்களுமே தெரியவரும். ஈயம் முதலிய உலோகங்களுக்குத் தனியே பரிசோதனை கேட்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை மறவாதிருப்பார்களாக. பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உப்பிருந்தால் அது தோட்டத்திற்கு உதவாது.

குழந்தைகளுக்குப் பொறுமை குறைவு. ஆதலின் 25 நாளில் பிடுங்கக்கூடிய முளைக்கீரையை முதலில் விதைத்தல் வேண்டும். வெண்டை விதையை இரவு ஊறவைத்து, ஓரடிக்கு ஒரு குழியாக இரண்டிரண்டு ஊன்றினால் ஏறக்குறைய 45-ஆம் நாள் முதல் காய் பறிக்கலாம். பீட்ரூட்டும் பாலக்கீரையும் ஓரளவு உப்பைத் தாங்கும், பீன்ஸ் தாங்காது. மண்ணைப் பற்றி ஐயமிருப்பின் கீரையையும் கிழங்கையும் விட்டு, வெண்டை, கத்தரி, தக்காளியோடு நிற்பதே தக்கது. இலையும் வேரும் ஈயத்தை வாங்குமளவு காய் வாங்குவதில்லை.

பழத்தில் பப்பாளி பத்தாம் மாதமளவில் பலன் தரும், ஆனால் பலத்த காற்றில் முறியும். சப்போட்டா உப்பையும் காற்றையும் பொறுக்கும். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கும். நட்ட பிள்ளை அதற்குள் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். தம்பி தங்கையர் உண்ணட்டும்.

பொதுப் பாத்தியைவிட, பிள்ளைக்கு இரண்டடி என்று பிரித்துக் கொடுத்தலே சிறந்ததென்பது எமது கருத்து. களையெடுப்பைத் தண்டனையாக ஏவும் உபாத்தியாயர், தோட்டத்தை அன்றே கைவிட்டவராவார். பூச்சி கண்டால் மருந்துக் கடையை நாடாமல், வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் பெரியவர் ஒருவர் தெளிக்க வேண்டும்.