நவக்கிரகத்தோடு திரும்பிவிடாதீர்கள்: சோழ நாட்டில் நம் கடாரம்

ஜார்ஜ்டவுன் – பினாங்கிலிருந்து தமிழகத்துக்குக் கோயில் யாத்திரை போகும் நம்மவர்களில் பலர் கும்பகோணத்தில்தான் தங்குகிறார்கள். ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு சூரியனார்கோயில், ஆலங்குடி, திருநள்ளாறு என ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் இரண்டே நாளில் முடித்துவிடுகிறார்கள். மிச்ச நேரம் பட்டுக்கடைக்கும் பித்தளை விளக்குக் கடைக்கும் போய்விடுகிறது. 2024 டிசம்பரில் பினாங்கு – சென்னை நேரடி விமானச் சேவை தொடங்கியதால், கோலாலம்பூர் வரை பஸ்ஸில் போய் விமானம் ஏறும் அலைச்சலும் குறைந்திருக்கிறது.

நேர்த்திக்கடனோடு போகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கும்பகோணத்தைச் சுற்றி ஒரு நாளில் போய்வரக்கூடிய தொலைவிலேயே, வட மலேசியத் தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ள மூன்று ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலாவது கங்கைகொண்ட சோழபுரம். கும்பகோணத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். இது முதலாம் இராசேந்திர சோழனின் தலைநகரம். ஏறக்குறைய 1025-இல் அவன் அனுப்பிய கடற்படை ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கி, அதன் அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றது. அந்த வெற்றிப் பட்டியலில் வரும் கடாரம் இன்றைய கெடா என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. ‘கடாரம் கொண்டான்’ என்றால் நம் இளைஞர்களுக்கு விக்ரம் நடித்த படம்தான் நினைவுக்கு வரும். கொள்ளப்பட்ட அந்தக் கடாரமோ, பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தையும், அங்கேயே இருக்கும் சண்டி புக்கிட் பத்து பஹாட்டையும் பார்த்துவிட்டுச் சோழபுரம் போனால் இரு பக்கமும் விளங்கும்.

தலைநகரம் அழிந்துவிட்டது. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. கோயிலின் சுற்றுமதில் கற்களை 1836-இல் ஆங்கிலேயர்கள் பெயர்த்தெடுத்துக் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். கும்பகோணத்திலிருந்து போகும் வழியில் வரும் அணைக்கரைதான் அந்த இடம். கோயிலுக்குள் போனால் சண்டேசுவரரின் தலையில் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தைத் தவற விடாதீர்கள். மாலை பெறுபவர் இராசேந்திரனே என்று சொல்வோரும் உண்டு.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அநேகமாக எல்லோரும் போகிறார்கள். 1010-இல் முடிந்த அந்த 216 அடி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகவே விழுகிறது, மாலையில் நின்று பார்க்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டியது கல்வெட்டுகளைப் பற்றி. ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், மானக்கவாரம், கடாரம் என்று இராசேந்திரன் வென்ற இடங்களின் பெயர்கள் அந்தச் சுவரில்தான் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மானக்கவாரம் என்பது நிக்கோபார் தீவுகள்.

மூன்றாவது நாகப்பட்டினம். என் பார்வையில் மூன்றிலும் முக்கியமானது இதுதான். படையெடுப்புக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை இங்கே கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாக வழங்கியவன் இராசராசன். ஹாலந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டதால் ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர்பெற்ற ஏடுகள் இதைச் சொல்கின்றன. 1090-இல் குலோத்துங்கன் காலத்திலும் கடாரத்து அரசனின் வேண்டுகோளின்படி அந்தக் கொடை உறுதிசெய்யப்பட்டது. இடையில் ஒரு போர் நடந்தும் உறவு அறுந்துபோகவில்லை. நம் மேடைகளில் போரை மட்டும் முழங்குகிறோம், இதைச் சொல்வதில்லை. 1867 வரை நின்ற ஒரு பழைய செங்கல் கோபுரமும் இடிக்கப்பட்டுவிட்டதால் இன்று அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே கிடைத்த புத்தர் சிலைகள் சிலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

நாகப்பட்டினம் நம் பாட்டன் பூட்டன்கள் கப்பல் ஏறிய துறைமுகமும்கூட. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகத்தான் பினாங்கு வந்தது. கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் அதுவே போதும் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். வேறு சிலர் சொந்த ஊரையே தேடிப் போக விரும்புவார்கள்.

அப்படித் தேடுபவர்கள் குழம்புவது மாவட்டப் பெயரில். தாத்தா சொன்ன ‘தஞ்சாவூர் ஜில்லா’ இன்று ஒரே மாவட்டமாக இல்லை. 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 1997-இல் திருவாரூரும் 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. ‘திருச்சி ஜில்லா’ என்று சொன்ன ஊர் இன்று கரூர், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருக்கலாம். கங்கைகொண்ட சோழபுரமே இப்போது அரியலூர் மாவட்டம்தான்.

சென்னை எழும்பூரிலிருந்து இரவில் புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் கும்பகோணத்தில் இறக்கிவிடும். கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்கும் விமானம் உண்டு. கோயில்களில் நண்பகலுக்கு மேல் நடைசாத்தி மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள். வயதானவர்கள் வெயிலில் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது, காலையிலேயே அழைத்துப் போங்கள். அக்டோபர், நவம்பர் அங்கே அடைமழைக் காலம். மாசி மகாமகத்துக்குப் போக நினைப்பவர்கள் 2028 வரை காத்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் வீட்டிலோ தோட்டத்து லயத்திலோ இருக்கும் பெரியவர்களிடம் ஊர்ப் பெயரோடு குலதெய்வத்தின் பெயரையும் பக்கத்து ஊர்ப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலைந்து கிராமங்கள் இருக்கும் நாட்டில், சரியான ஊரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.