பார்மலின்: புழு மனையிலும் சாயச்சாலையிலும்

மருத்துவக் கல்லூரிகளில் கண்ணாடிச் சாடிகளுக்குள் உடலுறுப்புகள் ஆண்டுக்கணக்கில் அழுகாமல் இருப்பதை நம் அங்கத்தினர்களில் சிலரேனும் கண்டிருக்கலாம். அவற்றைக் காக்கும் திரவமே பார்மலின். பார்மால்டிஹைடு என்னும் வாயு நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு வீதம் நீரில் கரைந்திருப்பது அது. ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர் 1867இல் அவ்வாயுவைத் தயாரித்துக் காட்டினார். கிருமியின் உடலிலுள்ள புரதத்தைப் பிணைத்து இறுகச் செய்வதே அதன் தொழில். நம் தோலிலும் கண்ணிலும் மூச்சுக் குழலிலும் இருப்பது அதே புரதந்தான்.

பட்டுப்புழு வளர்ப்போருக்கு இது பழகிய சரக்கு. பெப்ரின், பால் புழு நோய் முதலியவை ஒருமுறை மனையில் புகுந்தால் அடுத்த வளர்ப்பையும் விடாமல் தொடருமாதலால், ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் மனையையும் தட்டுகளையும் சந்திரிகைகளையும் 2 சதவீதக் கரைசலால் நனைப்பது வழக்கம். 36 சதவீதச் சரக்காயின் ஒரு பங்குக்கு 17 பங்கு நீர் சேர்த்தால் அந்த அளவு கிட்டும். மனையை இறுக மூடி 24 மணி நேரம் வைத்திருந்து, பின்னர்க் கதவு சன்னல்களைத் திறந்து நெடி முற்றும் போன பிறகே புழுக்களைக் கொண்டுவர வேண்டும்.

இவையெல்லாம் பலரும் அறிந்தவையே. நாம் கவலையுறுவது வேறொன்றுக்காக. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையுடன் தெளிப்பவர்களை நாம் பல கிராமங்களில் கண்டிருக்கிறோம். துண்டு தூசியைத் தடுக்கும்; வாயுவைத் தடுக்காது. அதற்குரிய முகமூடியும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஒரு வீட்டில் மீந்த பார்மலினைச் சர்பத் புட்டியில் ஊற்றி, குழந்தைகளின் கைக்கெட்டும் மாடத்தில் வைத்திருந்தார்கள்! பார்வைக்கு அது தண்ணீர். பெரும்பாலும் அதனுள் மெத்தனால் விஷமும் கலந்திருக்கும். குளோரின் டயாக்சைடு முதலிய மாற்று மருந்துகள் இப்போது கிடைப்பதால், அவற்றைச் சங்கத்தின் வழியே தருவிக்குமாறு கேட்பதில் தவறில்லை.

உணவில் இதற்குச் சட்டப்படி இடமே கிடையாது. ஆயினும் 2018இல் கேரள எல்லைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீன் பல்லாயிரம் கிலோ பிடிபட்டது. சிலவகை மீன்களில் இவ்வாயு இயற்கையிலேயே சிறிது உண்டாகுமாதலால், அளவு பார்த்தே குற்றம் துணிய வேண்டும்.

இனி நெசவாளர் பக்கம் வருவோம். யூரியாவுடன் இதைச் சேர்த்துப் பிசினாக்கிப் பருத்தித் துணியில் ஏற்றினால் சுருக்கம் விழாது என்பதை 1920களில் மான்செஸ்டர் ஆலையொன்றின் ஆய்வாளர்கள் கண்டார்கள். அப்பிசினிலிருந்து வாயு சிறிது சிறிதாகக் கசிந்து, சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்குகிறது. ஜப்பான் 1973இல் இயற்றிய சட்டத்தின் கீழ் உள்ளாடைக்குப் பத்து லட்சத்தில் 75 பங்கு என்று எல்லை வகுத்தது. கைக்குழந்தையின் உடைக்கோ அதனினும் மிகக் கடுமையான வரம்பு. புதுத் துணியை ஒருமுறை அலசி உடுத்தினால் கசியும் வாயு பெரிதும் குறையும்.

நம் கைத்தறித் துணிக்கு இப்பிசின் பொதுவாக வேண்டுவதில்லை. ஆனால் சாயம் கழன்று போகாதிருக்க இடும் பிடிப்பு மருந்துகள் சிலவற்றில் பார்மால்டிஹைடு உண்டு. அஃது இல்லாத வகையும் கடைகளில் இருக்கிறது. சங்கத்தின் சாயச்சாலைக்குக் கொள்முதல் செய்யும்போது அதை எழுத்து மூலம் கேட்டு வாங்கலாம். விலை சற்றுக் கூடினும் ஏற்றுமதித் துணி சோதனையில் தள்ளுபடியாவதைவிட அது குறைந்த நஷ்டமே.