நாய்க்குச் சிறுநீரகக் கோளாறா? மருந்தில் கவனம்!

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடியிருப்பது தெரிந்ததும் நாய் வளர்ப்போர் கேட்கும் முதல் கேள்வி, “கிட்னிக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம் டாக்டர்?” என்பதுதான். நாள்பட்ட சிறுநீரக நோயில், கெட்டுப்போன பகுதியை மீட்டுத்தரும் மாத்திரை எதுவும் கிடையாது. நோயால் வரும் ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனி மருந்துதான் உண்டு. அதனால் பரிசோதனை முதலில், மருந்து பிறகு.

எதற்கு எந்த மருந்து?

கிரியாட்டினின் அளவை வைத்து இந்த நோயை 4 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அதோடு சிறுநீரில் போகும் புரதம், ரத்த அழுத்தம், ரத்தத்தில் பாஸ்பரஸ் ஆகியவற்றையும் பார்ப்பது அவசியம்.

* புரதம் அதிகம் வெளியேறினால்: பெனாசெப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான்.
* ரத்த அழுத்தம் தொடர்ந்து 160-க்கு மேல் இருந்தால்: இவற்றோடு அம்லோடிபினும் தேவைப்படலாம்.
* பாஸ்பரஸ் கூடினால்: முதலில் சிறுநீரக நோய்க்கான உணவு. அதிலும் குறையாவிட்டால் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து.
* குமட்டல், வாந்திக்கு: மாரோபிடன்ட் அல்லது ஒன்டான்செட்ரான்.

எப்படிக் கொடுப்பது?

பாஸ்பரஸ் மருந்தை உணவோடு கலந்தே கொடுக்க வேண்டும். உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றில் கொடுத்தால் பலன் இல்லை.

பெனாசெப்ரில், டெல்மிசார்ட்டான் தொடங்கிய ஓரிரு வாரங்களில் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். நாய்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ, தண்ணீர் குடிக்காமல் கிடந்தாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவை சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும். வீட்டுப் பெரியவரின் பிரஷர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

வலி மாத்திரை என்னும் ஆபத்து

வயதான நாய்க்கு மூட்டுவலியும் சிறுநீரக நோயும் சேர்ந்தே வருவதுண்டு. நொண்டுகிறதே என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் காக்கும் சுரப்புகளை இவை தடுக்கின்றன. மிச்சமிருக்கும் செயல்திறனும் போய்விடும். பாராசிட்டமாலும் நாமாகக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான சிரப்புகள் சிலவற்றில் உள்ள சைலிட்டால் இனிப்பு நாய்க்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

நன்றாக இருந்த நாய் திடீரென்று சாப்பாட்டை மறுத்து, வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கும் டிரிப்ஸும் சீக்கிரம் கிடைத்தால் சிறுநீரகம் தேற வாய்ப்புண்டு. நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும் என்பதால் கையுறை அணிந்து சுத்தம் செய்யுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது, நாய்க்குக் கொடுக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள்.