நாரால் ஆன மெய்ம்மறை

கவசம் என்றதும் இரும்பும் தோலுமே நம் நினைவுக்கு வரும். பதிற்றுப்பத்தில் பயிலும் ‘மெய்ம்மறை’ என்னும் சொல்லோ உடலை மறைப்பது என்ற அளவில் நிற்கிறது. இன்ன பொருளால் ஆனது என்று அது கூறுவதில்லை. தென்னை நாரும் மெய்ம்மறை ஆகும் என்பதற்குப் பசிபிக் மாகடலில் சான்று உண்டு.

அங்குள்ள கிரிபாஸ் தீவுகளை முன்னர்க் கில்பர்ட் தீவுகள் என்றனர். கில்பர்ட் என்னும் பெயரே அம்மக்கள் நாவில் அவ்வாறு திரிந்தது. (எழுத்தில் ‘கிரிபாத்தி’, ஒலிப்பில் ‘கிரிபாஸ்’.) பவளத் திட்டுகளாகிய அத்தீவுகளில் உலோகத் தாது இல்லை, தென்னை உண்டு, கடலில் சுறா உண்டு. சுறாவின் பற்களை மரத்தில் வரிசையாகக் கட்டி வாள் செய்தனர். அப்பற்கள் சதையைக் கிழிக்கும். இறுகப் பின்னிய நாரிலோ எளிதில் ஏறா. படைக்கலத்துக்கு ஏற்ற கவசம் இது.

தேங்காய் மட்டையைக் கடற்கழி மணலில் புதைத்துப் பல திங்கள் ஊறவிடுவர். பின் கழுவி உலர்த்தி, நாரைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரிப்பர். (தென்னை நாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நம் ‘கயிறு’க்கு இனமான மலையாளக் ‘கயர்’ என்பதினின்று சென்றதே.) தறி இல்லையாதலின் இதனை நெய்தல் எனல் பொருந்தாது, திரித்தல், முடிதல், பின்னுதல் என்றே சொல்லவேண்டும். கை கால்களுக்கு வலைபோன்ற உடை. மார்புக்குத் தடித்த பின்னல். பின்தலையைக் காத்து உயர்ந்து நிற்கும் பலகை போன்ற பகுதி. தன் பக்கத்தார் பின்னின்று எறியும் கல் தன் தலையிலேயே படாதிருக்க அப்பலகை என்பர்! சிலவற்றில் மனித மயிரைக் கயிற்றோடு சேர்த்துச் சாய்சதுரக் கோலங்களும் இட்டனர். தலைக்கு முட்பேத்தை மீனின் உலர்ந்த தோல்.

1892-இல் அத்தீவுகள் பிரிட்டிஷ் பாதுகாப்பின்கீழ் வந்தன. போர்கள் ஓய்ந்தன, கவசங்கள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அடைந்தன. போர் ஓய்ந்தது நன்றே. ஆனால் கவசம் முடியும் கையறிவும் உடன் ஓய்ந்தது. கண்ணாடிப் பேழைக்குள் கவசம் இருக்கிறது. எந்த முடிச்சு முதலில் விழுந்தது என்பதைக் கண்ணாடி வழியே காண இயலுமா?

2016, 2017 ஆண்டுகளில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கேட்டேட்டா வாட்சன், கிறிஸ் சார்ட்டரிஸ், லிசி லெக்கி ஆகிய கலைஞர்கள் இக்கவசத்தைப் புதிதாகச் செய்ய முற்பட்டனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொல்லியல் மானிடவியல் அருங்காட்சியகம் இதற்குத் துணைநின்றது. விளைந்ததைப் பழையதன் படி என்று ஒதுக்குவாரும் இருக்கலாம். அது சரியன்று. முடிச்சுகளின் வரிசையும் கயிற்றின் இறுக்கமும், ஒரு மார்புக் கவசத்துக்கு எவ்வளவு கயிறு வேண்டும் என்பதும் செய்து பார்ப்பவர்க்கே புலனாகும். பழைய கவசத்தைப் பிரித்துப் பார்த்தல் இயலாதாகையால், வேறு வழியும் இல்லை.

தொடைமேல் கயிறு உருட்டும் பெண்டிர் அத்தீவுகளில் இன்றும் உளர். ஊர் மன்றங்களின் கூரைமரங்களை அக்கயிற்றாலேயே பிணைக்கின்றனர். கவசம் வழக்கொழிந்தும் கயிறு ஒழியவில்லை. மீண்டும் தொடங்குவதற்கு அது ஒன்றேனும் கையில் இருந்தது.